மணியடித்த பிறகு யாருடைய மைதானம்?

உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் மாதிரியான ஊருக்கு ஸ்டேடியம் என்று தனியாக ஒன்று வாய்ப்பதில்லை. சாயங்காலம் "கிரவுண்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பையன் கிளம்பினால், அவன் போவது பள்ளிக்கூடத்துக்கு. காலையில் போகமாட்டேன் என்று அடம்பிடித்த அதே இடத்துக்கு. அதை விட்டால் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி. உத்திரமேரூர் வட்டாரம் ஏரிகளை நம்பி விளைகிற பூமி. இங்கே நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு கணக்கு உண்டு: நஞ்சை, புஞ்சை, நத்தம், களத்துமேடு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய். அந்த அடங்கலில் விளையாட்டு மைதானம் என்ற இனம் வெகுகாலம் கிடையாது.

பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் பொறித்தவை, ஊர்ச்சபைக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புகளைப் பிரித்த அந்தச் சபைக்காரர்களுக்கு விளையாட்டுக்கும் ஒரு வாரியம் வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவேண்டிய அவசியமும் இல்லை. சடுகுடுவுக்குத் தெரு போதும். கிட்டிப்புள்ளுக்கு அறுவடை முடிந்த களம் போதும். நூறு மீட்டர் நீளமும் அறுபது எழுபது மீட்டர் அகலமும் உள்ள சமதளத்தை வருஷம் முழுக்கச் சும்மா போட்டுவைக்கச் சொன்னவை வெள்ளைக்காரனோடு வந்த ஆட்டங்கள்தான். கால்பந்து அதில் முதன்மையானது. பயிர் வைக்காமல், மாடு கட்டாமல், வீடு கட்டாமல் அவ்வளவு இடத்தை ஒதுக்கிவைக்க ஒரு கிராமத்தில் யாரால் முடியும்? பள்ளிக்கூடத்தால் முடிந்தது.

பந்தே பள்ளிக்கூடத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ, ரக்பி என்று ஒவ்வொரு பெரிய பள்ளியும் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் கேம்பிரிட்ஜில் ஒன்றாகச் சேர்ந்தபோது, யார் விதிப்படி ஆடுவது என்று சண்டை வந்து, 1848-ல் பொதுவாக ஒன்றை எழுதிப் பார்த்தார்கள். 1863-ல் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற மதுக்கடையில் கூடிக் கால்பந்துச் சங்கம் அமைத்தபோதும் விவாதத்தின் பாதி பள்ளிக்கூடப் பழக்கங்களைப் பற்றியதே. ஆகவே பாதிரிமார்கள் கடல் கடந்து வந்து பள்ளி திறந்த இடமெல்லாம் பைபிளோடும் இலக்கணப் புத்தகத்தோடும் பந்தும் வந்ததில் வியப்பில்லை.

நம் பக்கத்தில் ஸ்காட்லாந்து மிஷன் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் தொடங்கிய பள்ளி பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைகள் சில ஆண்டுகளிலேயே காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளம்பின. காஞ்சிபுரத்துப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்போது இங்கிலாந்திலேயே கால்பந்துக்குப் பொதுவிதி கிடையாது. ஆனால் மிஷன் பள்ளி என்றால் நடுவில் கட்டிடம், சுற்றிலும் காலி இடம், காம்பவுண்டுச் சுவர் என்று ஒரு வரைபடம் இங்கே பதிந்துபோனது. பின்னால் வந்த ஜில்லா போர்டு பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் அதே வரைபடத்தைத்தான் பார்த்து எழுதின. பந்து பிறகு வந்து அந்தக் காலி இடத்தில் குடியேறிக்கொண்டது.

குடியேற்றம் எல்லா இடத்திலும் சுமுகமாக நடக்கவில்லை. ஸ்ரீநகரில் நடந்த கதையை அங்கிருந்த மிஷன் பள்ளியின் தலைவர் டின்டேல் பிஸ்கோவே எழுதிவைத்திருக்கிறார். 1891-ல் பம்பாயிலிருந்து ஒரு தோல் பந்தை வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் காட்டினார். மாணவர்கள் பெரும்பாலும் காஷ்மீரப் பிராமணப் பையன்கள். இது எதனால் செய்தது என்று கேட்டார்கள். தோல் என்றதும், எடுத்துக்கொண்டு போங்கள், தொடமாட்டோம் என்றார்கள். அன்று பள்ளி விட்டதும் ஆசிரியர்கள் கையில் கம்போடு இருபுறமும் நிற்க, மரக்கட்டைச் செருப்பும் கணுக்கால் வரை தொங்கும் அங்கியுமாகப் பையன்கள் தெரு வழியே மைதானத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊரே பின்னால் வந்தது. ஆட்டம் தொடங்கு என்றால் ஒருவரும் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிஸ்கோ, கெடு முடிந்ததும் கம்புக்காரர்களை ஏவினார். பந்து கிளம்பியது, அங்கிகள் பறந்தன, செருப்புகள் பறந்தன.

நடுவே பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டுவிட்டது. தோல் உதட்டில் பட்டதே என்று அவன் அழ, மற்றவர்கள் திகைத்து நின்றார்கள். கால்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டு வா என்று அனுப்பினார் பிஸ்கோ. கழுவிக்கொண்டு வந்தான், ஆட்டம் தொடர்ந்தது. அடித்துப் பழக்கிய விளையாட்டு என்பதை மறைத்துச் சொல்லத் தேவையில்லை. பிஸ்கோ அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். ஆனால் அன்றைக்கு வேடிக்கை பார்த்த ஊர் பிறகு மைதானத்தை விட்டுப் போகவில்லை. காஷ்மீரத்தில் கால்பந்துக்கு இன்றுள்ள செல்வாக்கு அங்கிருந்து வளர்ந்தது.

சென்னை மாகாணத்தில் கம்பு தேவைப்படவில்லை; விசில் போதுமானதாக இருந்தது. அந்த விசிலை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் பெரும்பங்கு ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரின் மாணவர்களுக்கு உரியது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்து பிறந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்துவிட்டு 1919-ல் சென்னை வந்தார். மறு ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் அந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இப்போது நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இருக்கிறது. 1924-ல் பாரீஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் பக்தான். ஒலிம்பிக் பெருமை ஒருபுறம் கிடக்கட்டும். அவரால் உண்டான பெரிய மாற்றம், பள்ளிக்கூடத்தில் 'டிரில் மாஸ்டர்' என்று ஓர் ஆள் சம்பளத்தோடு வந்து சேர்ந்ததுதான். அதுவரை மைதானம் வெறும் நிலம். அதற்குப் பிறகு அதற்கொரு காவலர், கோடு போடுகிறவர், பந்தைப் பூட்டிவைக்கிறவர், யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கிறவர் எல்லாம் ஒரே ஆளாக வந்துவிட்டார். ஊருக்கும் பள்ளிக்கும் இடையில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உருவானால் அதில் கையெழுத்துப் போட்டவர் அந்த டிரில் மாஸ்டர்தான். பழைய மாணவர்கள் ஐந்து மணிக்கு மேல் ஆடிக்கொள்ளலாம். பதிலுக்குப் போட்டி நாளில் பெஞ்சு தூக்க வரவேண்டும். இப்படி.

அந்த மண் தரையில் பழகிய கால்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக் ஒன்றே போதும். ஜூலை 31 அன்று லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு என்ற ஊரின் சிறிய மைதானத்தில் இந்தியா பிரான்ஸோடு மோதியது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். பெங்களூரில் வளர்ந்த சாரங்கபாணி ராமன் அடித்த கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். இரண்டு பெனால்டிகளை வீணடித்துவிட்டு, கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி, 2-1 என்று தோற்றோம். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கி குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகு பூட்ஸ் கட்டாயமானது. 1960-ல் ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்ட சைமன் சுந்தர்ராஜ் திருச்சிக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் இன்றுவரை அதுதான். முதல் கோலுக்கும் கடைசி கோலுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். இரண்டையும் போட்டவர்கள் தென்னாட்டுக்காரர்கள். தமிழ்நாட்டு விளையாட்டுப் பேச்சில் இது அடிபடுவதே இல்லை என்பது வருத்தம்.

சாலவாக்கத்தை ஒத்த ஊர்களுக்கு மைதானம் வந்த கதை வேறு. மிஷன் பணம் எட்டாத கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் பெருகியது காமராஜர் காலத்தில். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இந்த வட்டாரத்துப் பிள்ளை. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அரசிடம் இருந்த பணம் சம்பளத்துக்கே இழுபறி. ஊர்க்காரர்களையே கேட்டுவிடலாம் என்று அவர் தொடங்கியதுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், குடிநீர்ப் பானை தொடங்கி வகுப்பறை, நிலம் வரைக்கும் ஜனங்கள் கொடுத்தார்கள். மாநிலம் முழுக்க அந்த மாநாடுகள் பரவின.

கொடுத்தவர்களுக்கு ஒரு நியாயம் மனதில் தங்கிவிடுகிறது. ஊர் கொடுத்த நிலத்தில் நிற்கிற பள்ளி ஊருடையதுதானே? அந்த உரிமையைப் பத்திரத்தில் யாரும் எழுதவில்லை, எல்லாரும் அனுபவித்தார்கள். திருவிழா நாடகம், கட்சிக் கூட்டம், தேர்தல் வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம், வெள்ளம் வந்தால் அடைக்கலம், கல்யாணத்துக்கு வண்டி நிறுத்தும் இடம் என்று மைதானம் எல்லா வேஷமும் கட்டியது. பந்து இதற்கெல்லாம் நடுவே கிடைத்த நேரத்தில் உருண்டது.

ஒரே ஒரு நாள் மட்டும் அது முழு ஸ்டேடியமாகிவிடும்: குறுவட்டப் போட்டி நடக்கும் நாள். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகளுக்கான ஏணியில் முதல் படி அது. அடுத்து மாவட்டம், பிறகு மாநிலம். முதல் நாள் சாயங்காலமே பி.டி. சாரும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேரும் கயிறு பிடித்து, ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பித் தட்டித் தட்டிக் கோடு இழுப்பார்கள். இரும்பு கோல் போஸ்ட் இல்லாத இடத்தில் சவுக்குக் கம்பு இரண்டு. குறுக்குச் சட்டத்துக்குப் பதில் கயிறு. அந்தக் கயிறு காற்றில் ஆடும். பந்து கயிற்றுக்கு மேலே போயிற்றா, கீழே போயிற்றா என்ற வழக்கு வராத ஆட்டம் கிடையாது. நடுவர் பக்கத்துப் பள்ளியின் பி.டி. சார்; அவருடைய அணியும் மத்தியானம் ஆடவேண்டியிருக்கும் என்பதால் தீர்ப்புக்கு முன்னால் நிறைய யோசிப்பார். வலை கிடையாது. அடித்த கோல் சுவர் தாண்டிக் கழனிக்குப் போய்விட்டால், அணியிலேயே பொடியன் ஒருவன் சேற்றில் இறங்கி எடுத்துவரும் வரைக்கும் மற்றவர்கள் எல்லாரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே கைலியை மடித்துக் கட்டிய பழைய மாணவர்கள், குச்சி ஐஸ் சைக்கிள், ஷாமியானாவுக்குக் கீழே மைக் செட். இந்த ஒரு நாளுக்காக ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வந்த பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கடலுக்கு அப்பால், இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பில், பள்ளியும் ஊரும் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பங்கீடு ஒரு மனிதரின் பெயராகவே நிலைத்துவிட்டது. நகரத்தின் பிரதான மைதானத்துக்கு வெபர் மைதானம் என்று பெயர். ஹரல்ட் ஜோன் வெபர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் மெய்வல்லுநர் ஆட்டங்களும் கூடைப்பந்தும் பழக்கியவர். பள்ளிக்குப் பழக்கியது பள்ளியோடு நிற்கவில்லை. நகரத்தின் கழகங்களுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் அது பொதுச் சொத்தானது. உதைபந்தாட்டப் போட்டிகளும் பள்ளி விளையாட்டு விழாக்களும் இன்றும் அங்கே நடக்கின்றன. பாலத்தைத் தாண்டிக் கல்லடிக்குப் போனால் விபுலானந்த அடிகள் 1929-ல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம். அதன் மைதானத்திலும் ஊர் ஆடுகிறது. அடிகளின் சமாதி அந்த வளாகத்திலேயே இருக்கிறது. ஒரு கரையில் கத்தோலிக்கத் துறவி, மறு கரையில் ராமகிருஷ்ண மிஷன் துறவி: இருவரின் பள்ளிகளும் ஊருக்கு ஆடுகளம் கொடுத்தன.

வெபரின் சகதுறவி யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் லூசியானாக்காரர், அவரும் கூடைப்பந்துப் பயிற்சியாளர். 1990 ஆகஸ்ட் 15 அன்று, போர் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் கிளம்பியவர் வந்து சேரவில்லை. கூடப் போன தமிழ் இளைஞரும் திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் பள்ளி மைதானமும் நகர மைதானமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் இரண்டின் விதியும் வேறுவேறாகப் போனது. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயர். மத்திய கல்லூரி மைதானத்தில் அது நடக்கும் மார்ச் நாட்களில் வெளிநாட்டிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். கூப்பிடு தூரத்தில் துரையப்பா விளையாட்டரங்கு. 1975 ஜூலை 27-ல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. போர்க் காலத்தில் பாழாகிக் கிடந்த அந்த அரங்கை 1999-ல் செப்பனிடத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. பிறகு இந்திய அரசு ஏழு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்தது. 1,850 இருக்கைகளோடு 2016 ஜூன் 18-ல் திறப்பு விழா. டில்லியிலிருந்து காணொளியில் பிரதமர் மோடி, நேரில் அன்றைய இலங்கை ஜனாதிபதி சிறிசேன. விழாவில் பந்தை விட யோகாசனத்துக்குத்தான் மவுசு. ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஆசனம் செய்தார்கள். அரங்கை நிரப்ப மறுபடியும் பள்ளிக்கூடத்தைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுப் பங்கீட்டில் வெகுகாலம் கணக்கிலேயே வராதவர்கள் பெண்கள். மாலை மைதானம் என்றால் ஆண்கள் மைதானம். பெண் பிள்ளைகளுக்கு வாய்த்தது பள்ளி நேரத்துக்குள் ஒதுக்கிய பி.டி. பீரியட் மட்டும், அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் கடன் வாங்கிவிடுவார். இந்த நிலையிலிருந்து வந்துதான் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையை எடுத்தார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். போலீஸ் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். 2018-19-ல் மதுரையின் சேது எஃப்.சி. மகளிர் லீக்கை வென்றது. 2023-ல் மாநில அணி இரண்டாம் முறையும் தேசியக் கோப்பையைத் தூக்கியது. ஆண்கள் அணி சந்தோஷ் டிராபியை ஒருமுறை கூடத் தொட்டதில்லை. மைதானத்தில் அதிக நேரம் யாரிடம் இருந்தது, கோப்பை யாரிடம் வந்தது என்று கணக்குப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும்.

இப்போது பங்கீட்டின் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பை நினைத்துச் சுவர்கள் உயர்கின்றன, கேமரா பொருத்துகிறார்கள், நாலரைக்கு மேல் கேட்டைப் பூட்டச் சொல்கிறார்கள். இதைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் வகுப்பறை வாசலில் பாட்டில் பொறுக்கிய தலைமையாசிரியருக்குத்தான் அதன் வலி தெரியும். இன்னொரு பக்கம், 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் ஒவ்வொரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு 2023-ல் அறிவித்தது. முதல் கட்டமாகப் பத்துத் தொகுதிகள், ஒன்றுக்கு மூன்று கோடி ரூபாய். தொகுதிக்கு ஒன்று என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உத்திரமேரூர் தொகுதியின் ஒரு கோடியிலிருக்கும் பையன் அரங்கத்துக்குப் போக டவுன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பக் கடைசி பஸ் இருக்கவேண்டும். நடந்து போகும் தூரத்தில் இருப்பது பள்ளி மைதானம் ஒன்றுதான்.

2024-ல் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் மதுரையில் தொடங்கியது. கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, கால்பந்து எல்லாம் அதில் அடக்கம். பந்து ஊராட்சியின் பொறுப்பு. அதை உருட்டுவதற்கான இடம் பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட நினைக்கிற பையன்கள் முதலில் ஊராட்சிச் செயலரைப் பிடித்துப் பந்தை வாங்கவேண்டும், அப்புறம் பள்ளி வாட்ச்மேனைத் தேடிக் கேட்டுச் சாவிக்கு நிற்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே ஊரில் குடியிருந்தால் எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிடும்.